‘மனிதன்’ என்னும் முகமூடி

சூழல் மாசடைதலைப் பற்றி எமது பாடசாலைகளில் எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. ‘ஆதிகாலத்தில் மனிதன் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தான்’ என்று அது தொடங்கும். ‘விஞ்ஞானம் வளர வளர மனிதனின் பேராசையும் வளர்ந்தது’ என்று நடக்கும். தொழிற்சாலைப் புகை, வாகனப் புகை, செயற்கை உரம், பிளாஸ்டிக்கு, குப்பை எனக் காரணங்கள் வரிசையாக வரும். மூச்சு நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் என விளைவுகள் வரிசையாக வரும். ஈற்றில், ‘ஆகவே மனிதன் திருந்த வேண்டும், மரம் நட வேண்டும், குப்பையை உரிய இடத்தில் இட வேண்டும்’ என்று உபதேசம் வரும். ஆசிரியர் சிவப்பு மையாற் சரியடையாளம் இட்டுப் புள்ளி வழங்குவார். மாணவன் சித்தியெய்துவான். மண்ணும் காற்றும் முன்பிருந்தபடியே இருக்கும்.

இக்கட்டுரைகளிலே தகவற் பிழை அதிகம் இல்லை. பிழை எழுவாயிலே இருக்கிறது. காற்றைக் கெடுத்தவன் ‘மனிதன்’. மண்ணை நஞ்சாக்கியவன் ‘மனிதன்’. அதனால் நோயுற்றுச் சாகிறவனும் ‘மனிதன்’. யார் இந்த மனிதன்? மலையகத்து லயத்தில் புகைபோக்கியற்ற அடுப்பின் முன்னிருந்து இருமும் தாயும், கண்ணாடி ஏற்றிய குளிர்பதன வாகனத்திற் கொழும்பு வீதிகளில் உலாவரும் கம்பனிப் பணிப்பாளரும் ஒரே எழுவாய்க்குள் அடங்கிவிடுகிறார்கள். செய்தவனையும் செய்யப்பட்டவனையும் ஒரே சொல்லிற் கட்டிப்போடும் இலக்கணம் யாருக்கு உதவுகிறது என்பதைச் சிந்திக்க வேண்டாமா? கொலை வழக்கு ஒன்றில், ‘மனிதன் மனிதனைக் கொன்றான், ஆகவே மனிதன் திருந்த வேண்டும்’ என்று நீதவான் தீர்ப்பெழுதினால் கொலையாளியைத் தவிர வேறெவர் மகிழ்வர்?

பொதுப்படப் பேசுவதில் எமக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே ஒரேயொரு நஞ்சை எடுத்துக்கொள்வோம். அது காற்றில் எழுந்து மண்ணில் இறங்கிக் குழந்தையின் எலும்புக்குட் புகுந்த வரலாறு ஆண்டும் பெயரும் சகிதம் பதிவாகியிருக்கிறது. அந்த நஞ்சு ஈயம். தமிழர் வெள்ளீயத்தினின்று பிரித்தறிந்து காரீயம் என்று வழங்கிய உலோகம்.

மோட்டார் வாகனத் தொழில் பெருகிய காலத்திலே இயந்திரத்தின் உருளைக்குள் எரிபொருள் ஒழுங்கின்றி வெடித்து எழுப்பிய ‘தட்டல்’ உற்பத்தியாளருக்குப் பெருந் தலையிடியாக இருந்தது. 1921ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேற்றன் நகரிலுள்ள ஜெனரல் மோட்டோர்ஸ் ஆய்வுகூடத்தில், தோமஸ் மிட்ஜ்லி என்னும் பொறியியலாளர் டெற்றா எதைல் ஈயம் என்ற திரவத்தைப் பெற்றோலிற் சிறிதளவு கலந்தால் அத்தட்டல் நின்றுவிடுவதைக் கண்டார். எரிசாராயத்தைக் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது அதே ஆய்வுகூடத்தாருக்கு நன்கு தெரிந்திருந்தது. ஆனால் எரிசாராயத்தை எந்தக் கமக்காரனும் தானியத்திலிருந்து வடித்துவிடலாம். அதற்கு ஏகபோக உரிமை கொண்டாட இயலாது. ஈயக் கலவைக்கோ உரிமைப்பத்திரம் பெறலாம். விற்கும் ஒவ்வொரு கலனுக்கும் பங்கு வாங்கலாம்.

ஈயம் நஞ்சு என்பது அப்பொழுது தெரியாதோ என்று கேட்கலாம். ஈயத் தொழிலாளரின் குடல் நோவும் கைத்தளர்ச்சியும் மனப்பேதலிப்பும் நூற்றாண்டுகளாக மருத்துவர் அறிந்த விடயங்கள். மிட்ஜ்லியே 1923இன் தொடக்கத்தில் ஈய நஞ்சினாற் பாதிக்கப்பட்டு ஓய்வெடுக்கச் சென்றார். அவ்வாண்டு பெப்ரவரியில் ஈயப் பெற்றோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டோர்ஸும் நியூ ஜேர்சி ஸ்ராண்டேட் ஒயிலும் கூட்டாகக் கம்பனி ஒன்றை அமைத்தபோது அதற்கு ‘எதைல்’ என்று பெயரிட்டனர். ‘ஈயம்’ என்ற சொல் பெயரிலும் இல்லை, விளம்பரத்திலும் இல்லை. தற்செயலென்று நம்புவோர் நம்புக.

1924ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நியூ ஜேர்சியிலுள்ள பேவே சுத்திகரிப்பாலையில் அத்திரவத்தை உற்பத்திசெய்த தொழிலாளர் சித்தங் கலங்கினர். இல்லாதவற்றைக் கண்டு அலறினர். சிலரை மேலங்கியிற் கட்டிவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. ஐவர் மாண்டனர், முப்பதுக்கு மேற்பட்டோர் நோயாளராயினர். டூபொன் கம்பனியின் டீப்வோட்டர் ஆலையிலே, காற்றில் இல்லாத பூச்சிகளைத் தொழிலாளர் கையால் விரட்டியபடி இருந்தமையால் அக்கட்டடத்துக்கு ‘வண்ணத்துப்பூச்சி வீடு’ என்று பெயர் வழங்கிற்று. பேவே மரணங்களுக்குக் கம்பனித் தரப்பிலிருந்து முதலில் வந்த விளக்கம் என்ன தெரியுமா? அம்மனிதர்கள் அளவுக்கு மீறி உழைத்ததாற் பைத்தியம் பிடித்திருக்கலாம் என்பது. தொழிலாளி செத்தால் அதற்கும் அவனுடைய உழைப்பே குற்றவாளி!

அதே மாதத்தின் இறுதியில் மிட்ஜ்லி பத்திரிகையாளரைக் கூட்டி, அவர்கள் கண்முன்னே அத்திரவத்தாற் கைகழுவி, ஒரு நிமிடம் மூக்கருகே வைத்து முகர்ந்து காட்டினார். ஓராண்டுக்கு முன்புதான் அதே நஞ்சினால் தாம் நோயுற்றதை அங்கு அவர் கூறவில்லை.

சில நகரங்கள் விற்பனையைத் தடைசெய்தன. மக்கள் அஞ்சினர். 1925 மே 20ஆம் நாள் வோஷிங்ரனில் பொதுச்சுகாதாரத் திணைக்களம் மாநாடு ஒன்றைக் கூட்டிற்று. தொழில்நோய் மருத்துவத்தில் முன்னோடியான அலிஸ் ஹமில்ரன் அம்மையாரும், உடற்றொழிலியற் பேராசிரியர் யான்டெல் ஹென்டர்சனும் எழுந்து, ஈயத்தை நகர வீதிகளெங்கும் தூவுவது பெருங் கேட்டை விளைக்கும் என்று எச்சரித்தனர். எதைல் கம்பனியின் பிரதிநிதியோ இப்பொருள் கடவுளின் கொடை என்று கூறினார். கடவுளை அழைக்காமல் இலாபம் எங்கேயும் நெடுந்தூரம் நடந்ததில்லை. அமைக்கப்பட்ட நிபுணர் குழு ஏழு மாத காலம் ஆராய்ந்து, தடைவிதிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அதே குழு இன்னொன்றையுங் கூறிற்று: பாவனை பெருகினால் நிலைமை மாறலாம்; ஆகவே பொதுப்பணத்தில் ஆராய்ச்சி தொடர வேண்டும். முதற் கூற்று உடனே நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது கூற்றுக்கு எவரும் பணம் ஒதுக்கவில்லை. ஆராய்ச்சிப் பொறுப்பு, கம்பனிகளே பணம் வழங்கிய ரொபேட் கீஹோ என்ற மருத்துவரின் கையில் ஏறத்தாழ நாற்பதாண்டு காலம் இருந்தது.

கீஹோவின் வாதம் மிக எளிது. ஈயம் இயற்கையிலே உள்ளது. எல்லோர் உடம்பிலும் உள்ளது. ஆகவே அது இயல்பானது. ஒரு குறித்த அளவுக்கு மேற்பட்டாலன்றித் தீங்கில்லை. தீங்குண்டு என்பவர் நிரூபிக்கட்டும். மோட்டார் வாகனம் காணாத மெக்சிக்கோக் கிராமத்தவரின் உடலிலும் ஈயம் இருக்கிறதே என்று அவர் ஆதாரங் காட்டினார். அவர்கள் உண்ட மட்கலங்களின் மெருகிலே ஈயம் இருந்தது. இவ்வாதத்தின் உள்ளீட்டை மாணவர் கவனிக்க வேண்டும். நஞ்சு விற்பவன் தன் சரக்கு நஞ்சல்ல என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சுவாசிப்பவன்தான், அதுவும் நோயுற்ற பின்னர், நிரூபிக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஆய்வுகூடமும் பணமும் நஞ்சு விற்பவனிடமே இருக்கும். இன்றைக்கும் பீடைநாசினி விற்பவர், நிலக்கரி எரிப்பவர் வாயில் இதே வாதம் உலாவுகிறது.

இந்தக் கோட்டையை உடைத்தவர் ஈயத்தைத் தேடிச் சென்றவரல்லர். கிளேயர் பற்றர்சன் என்னும் புவியிரசாயனவியலாளர் பூமியின் வயதைக் கணிக்க முயன்றவர். ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1950களிலே நிறுவியவர். விண்கற்களில் உள்ள நுண்ணளவு ஈயத்தை அளக்கப் புகுந்தபோது எங்கிருந்தோ வந்த ஈயம் தம் அளவீடுகளையெல்லாம் குழப்பக் கண்டார். அது ஆய்வுகூடத்துத் தூசியில் இருந்தது; நீரிலும் ஆடையிலும் தலைமயிரிலும் இருந்தது. அதை விலக்குவதற்காக மிகத் தூய ஆய்வுகூடம் ஒன்றை அமைத்த பின்னரே அவருக்கு உண்மை புலப்பட்டது: ‘இயல்பு’ என்று கீஹோ கூறிய அளவு இயல்பே அன்று. உலகம் முழுவதும் ஏற்கெனவே அழுக்கடைந்திருந்தது. அழுக்கடைந்தவனோடு அழுக்கடைந்தவனை ஒப்பிட்டு வேறுபாடு இல்லை என்று முடிவு கூறிக்கொண்டிருந்தனர். 1965இல் இதை வெளிப்படையாக எழுதினார். கிரீன்லாந்தின் பனிப்படைகளைத் தோண்டி அளந்து, கிறிஸ்துவுக்கு முன் 800ஆம் ஆண்டளவில் விழுந்த பனியோடு ஒப்பிடுகையில் தம் காலத்துப் பனியில் ஈயம் ஏறத்தாழ 200 மடங்காகப் பெருகியிருப்பதைக் குழுவாக 1969இற் காட்டினர். ஆளில்லாப் பனிப்பாலைவரை டிறொயிற் வாகனங்களின் புகை சென்றிருந்தது.

பற்றர்சனுக்குக் கிடைத்த சன்மானம், அதுவரை வந்துகொண்டிருந்த ஆராய்ச்சி நிதி நின்றுபோனது. 1971இல் வளிமண்டல ஈயத்தை ஆராய அமைக்கப்பட்ட தேசியக் குழுவில், அத்துறையை அவரளவுக்கு அறிந்தார் இல்லாதிருந்தும், அவருக்கு இடமில்லை. பின்னர் 1979இல் ஹேர்பேட் நீடில்மன் என்ற மருத்துவர் மாசாசுசெற்ஸ் மாநிலத்துப் பாடசாலைப் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து, பல்லில் ஈயம் மிகுந்த பிள்ளைகள் கற்றலிலும் கவனத்திலும் பின்தங்குவதைக் காட்டினார். ஈயத் தொழிலுக்குச் சார்பாக நின்ற அறிஞர் அவர்மீது மோசடிக் குற்றஞ் சுமத்தினர். பல ஆண்டு விசாரணைக்குப் பின் 1990களிலேதான் அவர் அப்பழியினின்று நீங்கினார். விஞ்ஞானம் நடுநிலையானது என்று நாம் வகுப்பறையிற் சொல்லும்போது இவர்களை நினைத்துக்கொள்வது நல்லது. உண்மை நடுநிலையாக இருக்கலாம். அதைத் தேடுவதற்கான பணம் ஒருபோதும் நடுநிலையாக இருந்ததில்லை.

இனி அந்த நஞ்சு உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஈயம் உடலைச் சுண்ணாம்புச் சத்தாக, அதாவது கல்சியமாக நடித்து ஏமாற்றுகிறது. கல்சியம் செல்லுமிடமெல்லாம் செல்கிறது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேலையைக் குழப்புகிறது. எலும்பிற் குடியேறிப் பல்லாண்டுகள் தங்குகிறது. பெண்ணொருத்தி கருவுறும் காலத்தில் அவளது எலும்பினின்று கல்சியத்தோடு கரைந்து கருவிலுள்ள சிசுவை அடைகிறது. தாய் சிறுமியாக வீதியோரத்தில் விளையாடிய காலத்துப் புகை, இருபது ஆண்டு கழித்து அவள் பிள்ளைக்குச் சீதனமாகிறது. உட்கொண்ட ஈயத்தில் வளர்ந்தவரைக் காட்டிலும் சிறு பிள்ளை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது என்று உலக சுகாதார தாபனம் கூறுகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றும் அது கூறுகிறது. ஒரு காலத்தில், 1960களிலே, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 60 மைக்கிரோகிராம்வரை இருக்கலாம் என்றனர் அமெரிக்க அதிகாரிகள். அந்த எல்லை நாற்பதாயிற்று, முப்பதாயிற்று, பத்தாயிற்று, 2021இல் மூன்றரையாயிற்று. பிள்ளைகளின் மூளை இக்காலத்தில் மாறவில்லை. ஒவ்வோர் எல்லைக்கும் இடையிலே வாழ்ந்த பிள்ளைகளுக்கு யார் கணக்குக் கொடுப்பது?

எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். வயிறார உண்ட பிள்ளையும் பட்டினிப் பிள்ளையும் ஒரே காற்றைச் சுவாசித்து, ஒரே மண்ணில் அளைந்து, கையை வாயில் வைத்தாலும் பட்டினிப் பிள்ளைக்கே நஞ்சு அதிகமாக ஏறும். மாசு சாதி பார்ப்பதில்லை, வர்க்கம் பார்ப்பதில்லை, எல்லோரையும் சமமாகத் தாக்குகிறது என்று மேடைகளிற் கேட்கிறோமே, அது பொய். வேதத்தைக் காதாற் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றுமாறு கௌதம தருமசூத்திரம் விதித்தது. அங்கே குறித்தது வெள்ளீயம் என்று பண்டிதர் திருத்துவர்; திருத்தட்டும். அறிவு சென்று சேரக்கூடாத இடத்தை உலோகத்தால் அடைப்பது அன்றைய விதி. ஏழைப் பிள்ளையின் மூளை வளர்வதற்கு முன்பே அதன் வாசலிற் காரீயத்தைக் கொண்டுபோய் வைத்த இருபதாம் நூற்றாண்டுச் சந்தைக்குச் சூத்திரமும் வேண்டியிருக்கவில்லை, சுலோகமும் வேண்டியிருக்கவில்லை.

இது வெற்று ஆவேசமன்று. அமெரிக்காவில் 1976க்கும் 1980க்கும் இடையே பெற்றோலிற் சேர்க்கப்பட்ட ஈயம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அதே காலத்தில் மக்களின் இரத்தத்திலிருந்த ஈயத்தின் சராசரி 37 சதவீதத்தால் வீழ்ந்தது. உணவில் இருந்தது, குழாயில் இருந்தது, இயல்பிலே இருந்தது என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்தது அத்தோடு சிதறிற்று. அவ்வீழ்ச்சி எந்தக் கட்டுரைப் போட்டியாலும் வந்ததன்று. எந்த ‘மனிதனும்’ மனந்திருந்தியதால் வந்ததுமன்று. சட்டம் கம்பனிகளின் கையைப் பிடித்ததால் வந்தது. அந்நாட்டு வீதிகளிலே முழுத்தடை 1996 ஜனவரி முதல் நாளன்று நடைமுறையாயிற்று.

காற்று தூய்மையாயிற்று; மண்ணோ மறக்கவில்லை. காற்றிலிருந்து இறங்கிய ஈயம் மேல்மண்ணின் சில அங்குலத்துக்குள்ளேயே களிமண்ணோடும் மக்கோடும் ஒட்டிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். மழை கழுவாது; மரம் நட்டாலும் போகாது. 1980களின் தொடக்கத்தில் ஹவார்ட் மீல்கி என்ற ஆய்வாளர் பால்ற்றிமோர் நகரத்து வீட்டுத் தோட்டங்களின் மண்ணை அளந்தார். பழைய வீடுகளின் ஈயப் பூச்சு உதிர்வதே காரணம் என்று அதுவரை கூறிவந்தனர். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பூச்சுப் பூசாத செங்கல் வீடுகள் நிறைந்த, வாகனங்கள் நெரிந்த உள்நகரத்திலேதான் மண்ணில் ஈயம் உச்சமாக இருந்தது. அங்கே வாழ்ந்தவர் பெரும்பாலும் கறுப்பின ஏழைகள். பின்னர் அவர் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து மண்ணையும் பல்லாண்டு ஆராய்ந்தார். அந்நகரில் ட்ரெமே என்னும் கறுப்பின மக்களின் பகுதியில், கிளெய்போர்ன் வீதியின் நடுவே வரிசையாக நின்ற முதிய ஓக் மரங்களை 1966இல் வெட்டி வீழ்த்தி அம்மக்களின் தலைக்கு மேலே நெடுஞ்சாலை அமைத்தனர். அம்மரங்களின் நிழலில் விழாக் கொண்டாடியவர்களுக்கு மேலே, புறநகர் வெள்ளையர் வேலைக்குப் போய்வரும் வாகனங்கள் ஓடின. வாகனத்தில் வசதி ஒருவனுக்கு. புகைக்குழாயின் மறுமுனை இன்னொருவனுக்கு. ‘நாமெல்லோருந்தானே வாகனம் ஓட்டுகிறோம், நாமெல்லோரும் குற்றவாளிகளே’ என்று கண்ணீர் மல்கக் கூறும் நல்லவர்கள் அந்த மேம்பாலத்தின் அடியில் ஒருநாள் நின்று பார்க்கலாம்.

பணக்கார நாடுகள் தம் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளத் தொடங்கிய பின்னர் அச்சரக்கு என்னவாயிற்று? சந்தை சுருங்கினால் வேறு சந்தை தேடுவது மூலதனத்தின் சுபாவம். ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் கப்பலேறிற்று. ஈயக் கலவையை உற்பத்திசெய்த இன்னொஸ்பெக் கம்பனி, இந்தோனேசியாவிலும் ஈராக்கிலும் அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுத்ததை 2010இல் நீதிமன்றங்களில் ஒப்புக்கொண்டது. ஏழை நாட்டுப் பிள்ளைகள் இன்னுஞ் சில ஆண்டுகள் நஞ்சைச் சுவாசிப்பதற்காகக் கொடுக்கப்பட்ட இலஞ்சம் அது. இந்தியா 2000இல் ஈயப் பெற்றோலை நிறுத்திற்று. இலங்கை 2002 ஜூன் மாதம் நிறுத்திற்று. இறுதியாக அல்ஜீரியாவின் நிலையங்களில் 2021இல் தீர்ந்தது. பேவே ஆலையில் ஐவர் மாண்ட நாளிலிருந்து எண்ணினால் தொண்ணூற்றேழு ஆண்டுகள். அலிஸ் ஹமில்ரனின் எச்சரிக்கை வீதிக்கு வர அவ்வளவு காலம் எடுத்தது.

அத்தோடு கதை முடிந்துவிடவில்லை. இன்று உலகில் ஈயத்தின் பெரும்பகுதி வாகனப் பற்றரிகளுக்குச் செல்கிறது. தேய்ந்த பற்றரிகளை உடைத்து உருக்கி ஈயத்தை மீட்பது இலாபமான தொழில். பாதுகாப்பாகச் செய்தால் இலாபம் குறையும். செனகல் நாட்டின் தலைநகர் டாக்காரை அடுத்த தியாறோய் என்னுமிடத்தில் பல்லாண்டுகளாகப் பற்றரி உடைத்தனர். உலகச் சந்தையில் ஈய விலை ஏறியதும் அங்குள்ள மண்ணே விலைபோகலாயிற்று. பெண்கள் அம்மண்ணை அள்ளிச் சலித்து ஈயத் துணிக்கைகளைப் பொறுக்கி விற்றனர். மூட்டைகளை வீட்டுக்குங் கொண்டுசென்றனர். முதுகிற் கட்டிய குழந்தைகள் அத்தூசியில் வளர்ந்தன. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே பதினெட்டுக் குழந்தைகள் இறந்தன. முதலில் எவருக்கும் காரணம் விளங்கவில்லை. இறந்த பிள்ளைகளின் உடன்பிறந்தாரைச் சோதித்தபோதே ஈயம் என்று தெரிந்தது. பள்ளிக் கட்டுரையின் இலக்கணப்படி அங்கே மண்ணை மாசுபடுத்திய ‘மனிதன்’ யார்? சலித்த அந்தத் தாயா? அவளுடைய ‘பேராசை’யா? உலகில் மூன்று பிள்ளைகளில் ஒன்று, 80 கோடிவரையான பிள்ளைகள், இரத்தத்தில் 5 மைக்கிரோகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஈயத்தோடு வாழ்வதாக யுனிசெவ் 2020இல் அறிவித்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாடுகளின் பிள்ளைகள்.

எமது நாட்டைப் பார்ப்போம். ‘குப்பையை உரிய இடத்தில் இடுவோம்’ என்பது பாடசாலைச் சுவர்களிலெல்லாம் எழுதியிருக்கும் பொன்மொழி. கொழும்பு நகரத்தவர் அதைப் பின்பற்றத்தான் செய்தனர். வாளியில் இட்டனர், மாநகரசபை வண்டி ஏற்றிச் சென்றது. அந்த ‘உரிய இடம்’ கொலன்னாவையை அடுத்த மீதொட்டமுல்லை. உரிய இடத்தைச் சுற்றி உழைக்கும் மக்களின் சிறு வீடுகள் இருந்தன. குப்பை மேடு மலையாயிற்று. நாற்றமும் ஈயும் கழிவுநீரும் வீட்டுக்குள் வந்தன. அம்மக்கள் ஆண்டுக்கணக்காக ஆர்ப்பாட்டஞ் செய்தனர். 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, அம்மலை சரிந்து வீடுகளைப் புதைத்தது. முப்பத்திரண்டு உயிர்கள் போயின. பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட புதிய ‘உரிய இடம்’ எது? புத்தளம் மாவட்டத்து அருவக்காடு. தலைநகரின் குப்பையை இரயிலில் ஏற்றி அங்கே அனுப்பத் திட்டமிட்டனர். புத்தளம் ஏற்கெனவே சீமெந்து ஆலையின் தூசியை ஏற்றது. நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையத்தை ஏற்றது. அதன் தூளும் சாம்பலும் தோட்டங்களிற் படிவதாக மக்கள் முறையிட்டுச் சலித்தனர். 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து தங்கிய மாவட்டமும் அதுவே. மூன்றாவதாகக் குப்பையும் வருமென்றபோது 2018இல் அவர்கள் வீதிக்கு இறங்கினர். அவர்களைப் பார்த்து, ‘அபிவிருத்திக்குத் தடை’ என்றும், ‘நாட்டுக்காக ஓரிடம் பொறுக்கத்தானே வேண்டும்’ என்றும் கூறியவர்கள், கறுவாத்தோட்டம் பொறுக்கலாமே என்று ஒருமுறையேனும் பிரேரித்ததாக எமக்கு நினைவில்லை.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். சோஷலிசப் பெயர் பூண்ட நாடுகளில் மாசு இல்லையோ? இருந்தது, கடுமையாகவே இருந்தது. ருமேனியாவின் கொப்சா மிக்கா நகரத்தில் கரித்தூள் ஆலையும் ஈயமுருக்கும் ஆலையும் வீடுகளையும் ஆடுகளையும் கறுப்பாக்கின. சைபீரியாவின் நொறில்ஸ்க் நகரைச் சுற்றிக் காடுகள் பட்டுப்போயின. இவற்றை மூடிமறைக்கும் இடதுசாரி எவராயினும் அவர் கீஹோவின் சீடரே. தனியார் இலாபம் இல்லாத இடத்திலும் உற்பத்தி இலக்கு என்ற கடவுள் இருந்தார். அவருக்கும் கொடை தேவைப்பட்டது. அங்கும் ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்க்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கவில்லை. தொழிற்சங்கம் வாய்திறக்கவும், அளவீடுகள் வெளிவரவும், ஊர்மக்கள் ‘இங்கே வேண்டாம்’ என்று கூறவும் முடியாத இடத்திற் புகைக்குழாயின் உரிமையாளன் கம்பனியாயினும் அமைச்சாயினும் நுரையீரலுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் இதைச் சுட்டிக்காட்டி, ‘ஆகவே குறை மனித சுபாவத்திலேதான்’ என்று முடிப்பவர் மீண்டும் அந்தப் பழைய எழுவாய்க்கே வந்துசேர்கிறார். கொப்சா மிக்காவில் ஆலையை நடத்த முடிவெடுத்தவரும் கரித்தூளைச் சுவாசித்தவரும் ஒருவரல்லர்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்ணும் காற்றும் மாசடைவதன் காரணங்களையும் விளைவுகளையும் பற்றி அடுத்த தவணையிலும் நீங்கள் கட்டுரை எழுதுவிக்கத்தான் போகிறீர்கள், பாடத்திட்டம் விடாது. எழுதுவியுங்கள். ஒரேயொரு நிபந்தனை விதியுங்கள்: ‘மனிதன்’ என்ற சொல் கட்டுரையில் எங்கும் வரக்கூடாது. மாணவன் திகைப்பான். எந்த ஆலை, எந்தக் கம்பனி, எந்தத் திணைக்களம் அனுமதி கொடுத்தது, அளவெடுத்தவர் யார், அளவை எங்கே வைத்திருக்கிறார்கள், புகைக்குழாயின் கீழே குடியிருப்பவர் யார் என்று விசாரிக்க வேண்டிவரும். பாடசாலைக்குப் பின்புறத்து கராஜில் முச்சக்கரவண்டிகளின் பழைய பற்றரிகள் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றை மாதமொருமுறை வந்து நிறுத்து வாங்கிப் போகிறவரிடம், அவை எங்கே உடைக்கப்படுகின்றன, உடைக்கிறவர் யார், அவர்களுடைய பிள்ளைகள் எங்கே விளையாடுகின்றன என்று முதலிற் போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள்.